சீசன்காரங்க ஏறிய கப்பல்

1

கப்பல் கம்பெனிக்காரர்கள் என்னை விடுவதாக இல்லை. "உங்கள் விடுமுறை எப்படி இருந்தது?" என்று கேட்டு மூன்றாவது மின்னஞ்சல் வந்துவிட்டது. சாப்பாடு, அறை, பணியாளர், பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரத்தைத் தட்டிவிட்டேன். கடைசிக் கேள்வியில்தான் நிற்கிறேன். "எங்கள் கப்பலில் ஓய்வாக உணர்ந்தீர்களா?" ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். இரண்டையும் தொட மனசு வரவில்லை.

பிரிஸ்பேனில் ஒரு மருத்துவமனையில் படுக்கை ஒதுக்கும் வேலை எனக்கு. யாருக்கு எந்த வார்டு, எந்தக் கட்டில், யார் எப்போது காலி செய்கிறார் என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் பிழைப்பு. இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எடுத்த லீவெல்லாம் ஊருக்கு வர, காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, அப்பாவின் சாவுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவு விண்ணப்பத்தில் நான்கு வரிக் காரணம் எழுதி, 'தயவுகூர்ந்து அனுமதிக்குமாறு' என்று முடித்திருந்தேன். மேலாளர் கூப்பிட்டு, காரணமெல்லாம் தேவையில்லை, ஓய்வெடுக்கப் போகிறேன் என்றாலே போதும் என்றார். ஓய்வெடுக்க ஒரு லீவா? அப்பா அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் குமாஸ்தாவாக இருந்தவர். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

போன தை மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். "கப்பல்ல போலாங்க" என்று என் கணவர் குமரேசனிடம் நான்தான் ஆரம்பித்தேன். கல்யாண நாள் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உள்காரணம் அம்மா.

அம்மா குன்னூரில் தனியாக இருக்கிறாள். நான் ஒரே பெண். சிம்ஸ் பார்க்குக்கு மேலே, ரோட்டிலிருந்து நாற்பது படி ஏறினால் எங்கள் வீடு. போன மழைக்காலத்தில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கிறவரை அங்கேயே கிடந்திருக்கிறாள். எனக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாள் கழித்து. "உனக்கு எதுக்குக் கண்ணு டென்சன்" என்று மறைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஊர் நம்பரிலிருந்து போன் வந்தாலே எனக்கு அந்தப் படிதான் முதலில் கண்ணில் நிற்கிறது. வீட்டை விலைக்குக் கேட்டு மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று நான் கேட்காத மாதமில்லை. அம்மா முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மூன்று மாத விசாவில் அம்மாவை வரவழைத்து, ஏழு நாள் கப்பலில் உட்கார வைத்து, நல்ல சாப்பாடு போட்டு, கடலைக் காட்டி, மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டுவிடுவது. சம்மதம் வாங்காமல் கரை இறங்குவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

2

கப்பல் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. பசிபிக் தீவுகளுக்குப் போகிற கப்பல்தான் எனக்கு முதலில் பிடித்தது. பயண ஏஜென்சிப் பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அம்மாவின் விசா ஒரே ஒரு தடவை உள்ளே வருவதற்கு. கப்பல் வேறு நாட்டைத் தொட்டுவிட்டால், திரும்பி இறங்க வேறு விசா வேண்டுமாம். மகளைப் பார்க்க வந்தவள் கடலில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியில் குயின்ஸ்லாந்து கரையை ஒட்டியே கெய்ர்ன்ஸ் வரை போய்த் திரும்புகிற கப்பலைப் பிடித்தோம்.

அடுத்தது அறைச் சண்டை. ஜன்னல் இல்லாத அறை, ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை என்று மூன்று வகை. "தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்?" என்றார் குமரேசன். கடலையே பார்க்காமல் அம்மா எப்படி மனசு மாறுவாள்? ஒற்றைக்காலில் நின்று, அடுத்தடுத்துப் பால்கனி உள்ள இரண்டு அறை வாங்கினேன். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் அம்மாவும் என் மகள் யாழினியும்.

யாழினிக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். "அம்மிச்சிகூடவா ரூம்?" என்று முகத்தைச் சுளித்தாள். வைஃபை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அம்மாவோடு அவள் பேசுவது மூன்றே வார்த்தை: சாப்ட்டீங்களா, போதும், பை. இதையும் கப்பல் சரிசெய்யும் என்று நம்பினேன். பாவம், அந்தக் கப்பல் எத்தனையைத்தான் சுமக்கும்.

கணினியில் பயணிகள் படிவம் நிரப்பும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தொழில் என்னன்னு கேக்குதும்மா."

"சீசனுக்கு ஊடு விடறதுன்னு போடு."

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே."

"இல்லாட்டி அப்பறம் எதுக்குக் கேக்கறாங்க?"

ஓய்வு பெற்றவர் என்ற வரியை அழுத்தினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். "ஆரு, நானா?" என்றாள்.

3

மலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கீழே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிகிறவரை, வெயில் தாங்காமல் ஜனம் மலையேறி வருமே, அதுதான் சீசன். லாட்ஜில் இடம் கிடைக்காது. எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் முன்பக்கத்தை ஒழித்து வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஒடுங்கிக்கொள்வோம். ஹாலும் இரண்டு அறைகளும் வருகிறவர்களுக்கு. சமையல்கட்டும் அதை ஒட்டிய விறகு அறையும் எங்களுக்கு. மூன்று பேரும் விறகு வாசனையோடு ஒன்றரை மாதம் படுத்துக்கிடப்போம்.

அவர்களுக்கு எங்கள் வீட்டில் சீசன்காரங்க என்று பெயர். சீசன்காரங்க தூங்கும்போது சத்தம் போடக் கூடாது. முன் பாத்ரூம் பக்கம் போகக் கூடாது. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே கூடாது. அம்மா இருட்டோடு எழுந்து பாய்லரில் வெந்நீர் போடுவாள், கம்பளிகளை வேலியில் காயப்போடுவாள், நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவாள். போனில் பேசும்போது மட்டும் அவளுக்கு ஒரு தனிக் குரல் வரும். "எத்தனை பேருங்க? எத்தனை நாளுங்க? முன்னயே சொல்லிப்போட்டீங்கன்னா கம்பளி எடுத்து வெச்சுருவனுங்க."

எனக்குப் பதினோரு வயதிருக்கும். ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தேன். மதுரையிலிருந்து வந்த பெண், என் வயதுதான், என் கட்டிலில் என் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையல்கட்டுக்கு ஓடிப்போய் அழுதேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "அவ நாலு நாள்ல போயிருவா கண்ணு. நீ இங்கயேதான இருக்கப்போற."

சீசன்காரங்க கிளம்பிப்போனதும் அம்மா அந்த அறை வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். கட்டில், தரை, பாத்ரூம் என்று கண் ஒரு சுற்று வரும். சிலர் போட்டது போட்டபடி போயிருப்பார்கள். சிலர் பெட்ஷீட்டை உதறி மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களை அம்மா பத்து வருடம் ஆனாலும் மறக்க மாட்டாள். "வேலூர்க்காரங்க தங்கமான மனுசங்க. வந்துட்டுப் போனதே தெரியாது" என்பாள். அதைவிடப் பெரிய நற்சான்று அவளிடம் கிடையாது.

ஜனம் விடுமுறைக்கு வருகிற ஊரில் பிறந்தவள் நான். ஆனால் விடுமுறைக்குப் போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கப்பலில் இது நன்றாகவே தெரிந்துபோயிற்று.

4

ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சிக்காக எல்லோரையும் ஒரு தளத்துக்கு வரச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் 'மஸ்டர்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கும் அதே பெயர்தான். "நேரத்துக்குப் போகோணும், இல்லாட்டி பேரை அடிச்சுருவாங்க" என்று எங்களையும் கிளப்பினாள். எங்கள் பகுதியில் முதலில் போய் நின்றது நாங்கள்தான்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் காலையில் பால்கனியில் நின்று அம்மா நெடுநேரம் பார்த்தாள். "ஏங்கண்ணு, எங்க பாத்தாலும் ஒரு மேடே காணோம்" என்றாள். அலை கொஞ்சம் பெரிதானபோது பாதிக் கப்பல் வாந்தி எடுத்தது. குமரேசன் போர்வைக்குள் சுருண்டுவிட்டார். அம்மா காபிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மேல்தளத்தை ஏழு சுற்றுச் சுற்றினேன். சாய்வு நாற்காலியில் படுத்தால் கை எதையோ தேடியது. கோணலாக இருந்த நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டேன். கொண்டுபோன புத்தகத்தில் மூன்று நாளாக ஒரே பக்கம். "கொஞ்சம் ஒக்காரேன், பாக்கற எனக்கே கால் வலிக்குது" என்றார் குமரேசன். உட்கார்ந்தால் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்ப்பேன், நாளைக்குக் கேட்கலாம் என்று எழுந்துவிடுவேன்.

நான்காம் நாள் காலையில் எங்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் வரிசை அறைகளைச் சுத்தம் செய்கிற வயான் நின்றுகொண்டிருந்தார். பாலித் தீவுக்காரர், ஐம்பது வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம், அன்று சிரிப்பில்லை.

"மேடம், உங்கள் அம்மாவுக்கு என் வேலையில் ஏதாவது குறையா?"

விஷயம் இதுதான். அம்மாவின் அறைக் கதவில் மூன்று நாளாகத் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்குகிறது. அழுக்குத் துண்டு ஒன்றுகூட வெளியே வரவில்லை. வேலை குறையட்டும் என்று வயானே அட்டையை மாட்டச் சொல்லியிருப்பார் என்று மேற்பார்வையாளருக்குச் சந்தேகம். அன்று மதியம் விசாரணை. வயானின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கிற நேரத்தில் இப்படி ஒரு குறிப்பு ஏறினால் கஷ்டம் என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவின் அறைக்குள் போனேன். யாரும் தங்காத அறை மாதிரி இருந்தது. பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பாத்ரூம் தரை துடைத்துக் காய்ந்திருந்தது. துவைத்த துண்டுகள் பால்கனிக் கம்பியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் வயான் துண்டில் செய்து கட்டிலில் வைத்திருந்த யானையைப் பிரித்து, நான்காக மடித்து அலமாரியில் வைத்திருந்தாள். இதையெல்லாம்விட என்னைத் திகைக்க வைத்தது யாழினி. வீட்டில் ஒரு நாளும் தன் போர்வையை மடிக்காதவள், தரையில் முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிச்சிதான் சொன்னாங்க" என்றாள். முழு வாக்கியம், தமிழில்.

"அம்மா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற?"

"ஏன், என்ன பண்ணிட்டேன்? அந்த மனுசன் ஒத்தை ஆளா எத்தனை ரூம் பாக்கறாரு. நம்ம ரூம்லயாவது வேலை இல்லாம இருக்கட்டும்னுதான். நாளைக்கு நாம எறங்கிப் போனா, வந்துட்டுப் போனதே தெரியக்கூடாது."

நடந்ததைச் சொன்னேன். அம்மா முகம் வெளிறிப்போயிற்று. தன் வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று முப்பது வருடம் ஓடியவள். அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பதறினாள். புடவையை மாற்றிக்கொண்டு, "வா, ஆபீசு எங்க இருக்குது, காட்டு" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

மேற்பார்வையாளர் ஒரு பெண், மிகவும் தன்மையானவர். அம்மா அவர் காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை.

"நான்தான் பண்ணேன்னு சொல்லு. அவருக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லு. எங்க ஊட்டுலயும் ஆளுங்க வந்து தங்குவாங்க, எனக்கு இந்த வேலை தெரியும், அதனால பண்ணிட்டேன்னு சொல்லு."

வரி வரியாகச் சொன்னேன். மேற்பார்வையாளர் புரிந்துகொண்டார். வயான் மேல் எந்தக் குறிப்பும் ஏறாது என்று உறுதி சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"இனிமே நீ ஒரு வேலையும் செய்யக் கூடாதாம். நீ விருந்தாளியாம்."

அம்மா தலையாட்டினாள்.

5

அதற்குப் பிறகு வயான் உள்ளே வேலை செய்யும்போதெல்லாம் அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே நடைபாதையில் நிற்பாள். உள்ளேயே உட்காரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு மனுசன் குனிஞ்சு வேலை செய்யறப்ப நான் எப்படி ஒக்காந்துட்டு இருக்கறது?" என்றாள். அந்தக் கால் மணி நேரம் அவளுக்கு ஒரு யுகம்.

ஐந்தாம் நாள் நீச்சல் குளத்துப் பக்கம், துண்டில் யானையும் குரங்கும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் வயானும் ஒருவர். யாழினி அம்மாவை இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். அம்மா மூன்றாவது முயற்சியில் யானையைப் பிடித்துவிட்டாள். தும்பிக்கை மட்டும் கொஞ்சம் கோணல். வயான் கைதட்டினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை.

மனசு குளிர்ந்துவிட்டது, இதுதான் நேரம் என்று நினைத்தேன். சாயங்காலம் பால்கனியில் அம்மாவின் மடியில் அந்த யானை இருந்தது. மெதுவாக ஆரம்பித்தேன்.

"மேட்டுப்பாளையத்துக்காரர் பதில் கேக்கறாரும்மா."

அம்மா தும்பிக்கையைச் சரிசெய்தாள். "உன்ற ஊட்டுல நான் படுத்துக்கற ரூமுக்கு என்ன பேரு கண்ணு?"

"உன்ற ரூம்தாம்மா."

"பாப்பா கெஸ்ட் ரூம்ங்கறா. மாப்ளயும் அதேதான் சொல்றாரு. நீயும் போன்ல ஆருகிட்டயோ அப்படித்தான் சொன்ன."

"அது வெறும் பேரும்மா."

"இருக்கட்டும், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. எந்திரிக்கறதுக்குள்ள காபி வந்துருது. தட்டைக் கழுவப் போனா, 'நீங்க ஒக்காருங்கத்தை'ன்னு மாப்ள புடுங்கிக்கறாரு. தங்கமான மனுசன். மூணு மாசம் வந்துட்டுப் போறதுக்கு இது போதும். சாகற வரைக்கும் எப்படிக் கண்ணு சீசன்காரியா இருக்கறது?"

"படியில மறுபடியும் விழுந்தீன்னா?"

"விழுந்தா விழறேன். என்ற படிதான. கைப்புடி போடச் சொல்லி ஆளுகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

எனக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. "உனக்கு நான் முக்கியமில்ல, அந்தக் கம்பளிதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மேல்தளத்தை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது. அழுகை கோபத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்றும் தெரியாது. பயம்தான். அந்த நாற்பது படியும் எனக்கு மனப்பாடம், எது வழுக்கும் எது ஆடும் என்பது வரை. சொன்ன வார்த்தைக்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவும் அதைப் பிறகு எடுக்கவில்லை.

6

மார்ச்சில் அம்மா கிளம்பினாள். சீசனுக்குள் வெள்ளையடிக்க வேண்டுமாம். விமான நிலையத்தில் யாழினி அம்மிச்சியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அது ஒன்றுதான் கப்பல் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அந்த அறைக் கதவைத் திறந்தேன். பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் துவைத்து மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் இருந்தன. குப்பைக்கூடை காலி. மேஜையில் ஒரு ஹேர்பின்கூட விட்டுப்போகவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன், அங்கேயும் ஒன்றுமில்லை. அம்மா நிற்கிற மாதிரியே வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. வந்துவிட்டுப் போனதே தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். அம்மாதான், குரலில் ஒரே உற்சாகம். சீசன் ஆரம்பித்துவிட்டதாம். முதலில் வந்த திருச்சிக் குடும்பத்துக்குக் கட்டிலில் துண்டு யானை செய்து வைத்தாளாம். பிள்ளைகள் அதோடு போட்டோ பிடித்துக்கொண்டார்களாம்.

"இப்பத் தும்பிக்கை நேரா வருது" என்றாள்.

கேட்டதும் எனக்கு அங்கே போக வேண்டும் போல் ஆகிவிட்டது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "மே மாசம் நாங்க வரலாம்னு இருக்கறம்மா. பாப்பாவுக்கு ஸ்கூல் போனாப் போகட்டும்."

"மே மாசமா? அப்படின்னா தேதியச் சொல்லிப்போடு. முன் ரூமை ஆருக்கும் விடாம வெக்கறேன்."

"முன் ரூமெல்லாம் வேண்டாம். உன்கூடவே பின்னாடி படுத்துக்கறம்."

"பின்னாடி உங்களுக்கு ஆகாது கண்ணு. பாப்பாவுக்குக் குளுரும். மாப்ளைக்கு அந்த வெஸ்டர்ன் டாய்லெட் வேணும், அது முன்னாடிதான இருக்குது. நீயும் இப்பெல்லாம் வெறகு வாசம் அடிச்சா இருமற."

அந்தப் பக்கம் பாய்லரில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. முன் அறையிலிருந்து யாரோ வெந்நீர் கேட்டார்கள். "வந்துட்டனுங்க" என்று அம்மா குரல் கொடுத்தாள். பிறகு அதே குரலில் என்னிடம், "சீக்கிரம் சொல்லு கண்ணு, எத்தனை பேரு, எத்தனை நாளு? கம்பளி எடுத்து வெக்கோணும்" என்றாள்.

பத்து நாள்தான் லீவு கிடைக்கும். அதில் குமரேசனின் ஊருக்கும் போக வேண்டும், கோயம்புத்தூரில் பத்திரப்பதிவு வேலை ஒன்றும் இருக்கிறது. மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.

"மூணு பேரும்மா" என்றேன். "நாலு நாள்."